கிட்டங்கியில் நின்ற பந்து

பந்து விழாமல் நின்றது தை பதினொன்று, கரிநாள், மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது. வெள்ளக்குளம் மில்லின் பழைய பஞ்சுக் கிட்டங்கிக்குள், தென்பக்கத்துக் கூடைப்பந்து வளையத்துக்கு இரண்டு முழம் இந்தப் பக்கம், ஒரு ஆள் தோளில் இன்னொரு ஆள் ஏறிக் கையை நீட்டினால் தொடுகிற உயரத்தில் நின்றது. அந்த இடத்தை விட்டு ஒரு விரற்கடை அசையாமல் பதினோரு மாதம் நின்றது. அதை நிறுத்தியவள் சந்தனமாரி. வேண்டுமென்று செய்யவில்லை. தொழில் பழக்கம், வாயில் வந்துவிட்டது.

புருஷன் காய்ச்சலில் போனபோது சந்தனமாரிக்கு அவன் விட்டுவிட்டுப் போனது ஒரு கேமரா, இரண்டு குடை விளக்கு, தாமரைக்குளம் வரைந்த ஒரு திரைச்சீலை, ஏழு வயதில் முப்பிடாதி என்று ஒரு மகள். சுற்றுவட்டாரத்தில் வயசுக்கு வந்த பிள்ளைகளின் சடங்கு வீட்டுக்குப் படம் எடுக்கப் பொம்பளை ஆள் கிடைக்காதா என்று ஏங்கிக் கிடந்த சனங்கள் அவளைக் கையோடு கூட்டிப் போனார்கள். சடங்கில் தொடங்கி வளைகாப்புக்குப் போய், வளைகாப்பிலிருந்து கல்யாணத்துக்கு வந்து, பத்து வருஷத்தில் அந்தப் பக்கத்தில் அவள் நிறுத்தி வைக்காத நல்ல நேரம் என்று ஒன்று இல்லை. கெட்டிமேளம் உச்சத்தில் கொட்டும்போது, அட்சதை கை நிறைய இருக்கும்போது, மாப்பிள்ளை முதல் முடிச்சைப் பிடித்திருக்கும்போது, "மாப்பிள்ளை, அப்படியே இருங்க" என்பாள். மாப்பிள்ளை நிற்பார். அவர் நின்றால் மேளம் இன்னும் நாலு தட்டு தட்டும், ஐயர் வாயைத் திறந்தபடி இருப்பார், அத்தைமார்கள் ஓங்கிய கையை ஓங்கியபடி வைத்திருப்பார்கள். படம் சரியாக விழுகிறவரை யாரும் அசையக் கூடாது. சரியாக விழாவிட்டால் இன்னொரு தடவை. அதில் யாருக்கும் வருத்தம் கிடையாது. அது முறை.

ஆனால் மகள் ஆடி அவள் பார்த்ததில்லை. முப்பி பன்னிரண்டாம் வகுப்பு, மில் வீதியிலேயே உயரமான பிள்ளை, பஞ்சு வரத்து நின்று காலியான கிட்டங்கியில் சிமெண்டுத் தரையில் கோடு போட்டு வளையம் மாட்டிய நாளிலிருந்து கூடைப்பந்து ஆடுகிறவள். ஆட்டமெல்லாம் சனி ஞாயிறில், முகூர்த்தமும் சனி ஞாயிறில். மாவட்ட இறுதி ஆட்டம் முகூர்த்தம் இல்லாத கரிநாளில் விழுந்ததுதான் தோதாகப் போயிற்று. ஜெயித்த அணியில் ஆடியவர்களுக்குப் பெரிய ஊர்க் காலேஜ் ஒன்றில் விடுதியோடு இடம் என்று சொல்லியிருந்தார்கள். முப்பிக்கு வேறு வழியில் காலேஜ் கிடையாது. அதனால் சந்தனமாரி கேமராவை எடுத்துக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிற அதே பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு போனாள்.

கிட்டங்கிக்குள் பன்னிரண்டு டியூப்லைட், அதில் மூன்று கண் சிமிட்டும். வாசலிலேயே ரெஃப்ரி அருள்ராஜ் சார், "ஃப்ளாஷ் அடிக்கக் கூடாதும்மா, பிள்ளைங்களுக்குக் கண்ணு கூசும்" என்று சொல்லிவிட்டார். ஃப்ளாஷ் இல்லாமல் அவளுக்குக் கை ஒடிந்த மாதிரி இருந்தது. எடுத்ததெல்லாம் இருட்டு, அதில் வெள்ளையாய் ஏதோ கோலமாவு தண்ணீரில் கரைந்த மாதிரி. கடலோர ஊரிலிருந்து வந்த அணி நாற்பத்தெட்டு, நம் பிள்ளைகள் நாற்பத்தேழு, இன்னும் இரண்டு வினாடி. முப்பி கைக்குப் பந்து வந்தது. எதிரணித் தலைவி ரெஜினா கையை விரித்துக்கொண்டு பாய, முப்பி எழும்பினாள். எழும்பி எறிந்தாள். கேமராக் கண்ணாடிக்குள் மகள் காற்றில் நிற்கிறதைப் பார்த்த சந்தனமாரிக்கு, இது மறுபடி வராது என்று நெஞ்சு சொல்ல, பத்து வருஷமாய்ப் பழகிய வாய் தானாகச் சொல்லிற்று:

"முப்பி, அப்படியே இரு."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. முப்பியின் கால் தரைக்கு வந்தது. எறிந்த வலது கை கீழே வரவில்லை. தலைக்கு மேல், மணிக்கட்டு கொக்குக் கழுத்து மாதிரி மடங்கி, விரல் ஐந்தும் வளையத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டது. பந்தும் வரவில்லை. ஆட்டம் முடிகிற சங்கு ஊதிற்று. எல்லோரும் மேலே பார்த்தார்கள். பிறகு எல்லோரும் சந்தனமாரியைப் பார்த்தார்கள்.

அருள்ராஜ் சார் சட்டம் தெரிந்தவர். "சங்குக்கு முன்னாடியே பந்து கையை விட்டுட்டு. அது விழுற வரைக்கும் ஆட்டம் முடியல" என்றார். மூன்று மணிவரை விசிலை வாயில் வைத்துக் காத்திருந்தார், லெமன் சாதப் பொட்டலத்தை மேலே பார்த்தபடியே சாப்பிட்டார், கடைசிப் பஸ் போய்விடும் என்று நோட்டில் 'பந்து காற்றில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார். ரெஜினா மட்டும் பையைத் தோளில் போட்டபடி சந்தனமாரியிடம் வந்தாள்.

"யக்கா, விழுறப்ப சொல்லி விடுங்க. நாங்க வாறோம். எங்களுக்கும் தெரியணும்லா."

மறுநாள் பஞ்சு மூட்டை ஏற்றுகிற ஏணியைச் சாத்தி மூன்று ஆண்கள் பந்தைப் பிடித்துத் தொங்கினார்கள். அது அசையவில்லை. கீழே நின்ற முப்பி தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு அலறினாள். ஏணியை எடுத்துவிட்டார்கள், பிறகு யாரும் தொடவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தவள் பூக்கட்டுகிற செல்லத்தாய். எந்தக் கல்யாண வீட்டிலும் மாலையோடு வந்து சாப்பாட்டோடு போகிறவள், முறை தெரிந்தவள். "இதுல என்ன அதிசயம். மாரி போட்டோவுக்கு நில்லுன்னு சொன்னா, நின்னுட்டு. போட்டோ விழல. விழுந்தாத்தானே நகரும்? நம்ம லெட்சுமணன் கல்யாணத்துல மாப்பிள்ளை மூணு தடவை தாலியைத் தூக்கிட்டு நிக்கலயா" என்றாள். ஊருக்கு அது நியாயமாகப் பட்டது. சந்தனமாரி உடனே குடை விளக்கைக் கொண்டுபோய் வைத்து, ஃப்ளாஷ் போட்டு, நிற்கிற பந்தைக் கோவில் கோபுரம் மாதிரி தெளிவாக எடுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. "அது சும்மா நிக்கிற பந்து. நீ கேட்டது எறிஞ்ச பந்துல்லா. பிள்ளை காத்துல இருக்கணும், பந்து அது கையிலேருந்து போவணும், அந்தக் கிட்டங்கி வெளிச்சத்துலயே விழணும்" என்று செல்லத்தாய் தீர்த்துச் சொன்னாள்.

ஆக, முப்பி மறுபடி மறுபடி அந்த இடத்தில் எழும்ப வேண்டும், சந்தனமாரி அதை எடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அதுவரை ஊர் பொறுத்துக்கொள்ளும்.

ஊர் நன்றாகவே பொறுத்துக்கொண்டது. தையல்காரர் மந்திரம் முப்பிக்கு வலது கை ஜிப் வைத்துச் சட்டை தைத்தார். மில் விலக்கு பஸ் நிறுத்தத்தில் அவள் நின்றால் கை தூக்குகிறாள் என்று எல்லாப் பஸ்ஸும் நின்றது, எக்ஸ்பிரஸ் பஸ்கூட. டிரைவர்கள் முதல் மாதம் வைதார்கள், இரண்டாவது மாதம் "என்னம்மா, இன்னும் விழலயா" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பள்ளிக்கூடத்தில் பரீட்சையை இடது கையால் எழுதினாள். கிட்டங்கியில் மற்ற ஆட்டங்கள் நடந்தன, ஆடுகிற பந்து நிற்கிற பந்தில் பட்டால் மறுபடி எறியலாம் என்று ஒரு விதி புதிதாக வந்தது. ஒரு புறா பந்தின் மேல் கூடு கட்டச் சுள்ளி கொண்டுவந்து, அது உருண்டு விழவும் வடபக்கம் போய்விட்டது.

பிறகு வெளியூர்ச் சனம் வர ஆரம்பித்தது. கோர்ட்டில் கேஸ் கிடக்கிறவர்கள், பெண் பார்த்துவிட்டுப் போய்ச் சேதி சொல்லாத மாப்பிள்ளை வீட்டுக்குக் காத்திருக்கிறவர்கள், ஸ்கேன் எடுத்துவிட்டு ரிசல்ட்டை வாங்கப் பயப்படுகிறவர்கள், இப்படி முடிவு தெரியாத ஆட்களாகவே வந்தார்கள். பஞ்சுக் கிட்டங்கியில் நெருப்புக் கூடாது என்று வாட்ச்மேன் சூடம் கொளுத்த விடவில்லை, அதனால் யாரும் கும்பிடவில்லை. சும்மா பெஞ்சில் உட்கார்ந்து மேலே பார்ப்பார்கள். இன்னும் கெட்டுப்போகவில்லை என்று ஒரு ஆறுதலோடு எழுந்து போவார்கள்.

காலேஜிலிருந்து ஒரு படிவம் வந்தது. வெற்றி, தோல்வி, ஒன்றை அடிக்கவும் என்று இருந்தது. அருள்ராஜ் சார் இரண்டையும் அடிக்காமல் 'பந்து காற்றில்' என்று எழுதி அனுப்ப, மூன்று வாரத்தில் பதில் வந்தது: இடம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. சந்தனமாரி அந்தக் காகிதத்தை லேமினேட் செய்து ஸ்டுடியோவில் மாட்டினாள்.

அவள் படம் எடுக்கப் படிக்கத் தொடங்கினாள். முகூர்த்தம் இல்லாத நாளெல்லாம் கிட்டங்கியில் கிடந்தாள். பட்டுச்சேலையை விட்டுச் சுடிதாருக்கு மாறினாள், ஏனென்றால் நின்றபடி எடுத்தால் ஆட்டக்காரிகளின் உச்சந்தலைதான் விழுகிறது, வளையத்துக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால்தான் பிள்ளைகள் வானத்துக்குப் போகிறார்கள். புருஷனின் நீள லென்ஸ் இருட்டில் குருடு என்று தெரிந்ததும், அதைக் கொடுத்துவிட்டுக் குட்டை லென்ஸ் ஒன்றை மாற்றிக்கொண்டாள், இருட்டிலும் கண் தெரிகிற லென்ஸ். வேகத்தைக் கூட்டினால் படம் கருக்கிறது, வெளிச்சத்தை இழுத்தால் படத்தில் ரவை தூவின மாதிரி புள்ளி விழுகிறது, புள்ளி விழுந்தாலும் பரவாயில்லை, முகம் கலங்கக் கூடாது என்று தெரிந்துகொண்டாள். டியூப்லைட் நமக்குத் தெரியாமல் அணைந்து அணைந்து எரிகிறது என்பதையும், அடுத்தடுத்து எடுத்த இரண்டு படத்தில் ஒன்று மஞ்சளும் ஒன்று சாம்பலுமாய் வருவது அதனால்தான் என்பதையும் செல்போனில் யாரோ விளக்கக் கேட்டாள். பந்தைத் துரத்தாதே, கண்ணைப் பிடி என்று தானாகவே கண்டுபிடித்தாள். பந்தைத் துரத்தினால் வலையும் கம்பியும்தான் தெளிவாக விழும்.

எல்லாவற்றிலும் பெரியதாக ஒன்றைச் சித்திரை மாதம் கண்டுபிடித்தாள். எழும்புகிற பிள்ளை மேலே போய், கீழே இறங்குவதற்கு முன்னால், ஒரு துளி நேரம் சும்மா நிற்கிறது. முடி மட்டும் மேலே போய்க்கொண்டிருக்கும், உடம்பு நின்றிருக்கும். எல்லாரும் நிற்கிறார்கள், குட்டையான பிள்ளையும் நிற்கிறது, ஆடத் தெரியாத பிள்ளையும் நிற்கிறது. யாரும் நில்லென்று சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் அதைத் தாமாகத் தருகிறார்கள், நாம்தான் தயாராக இருக்க வேண்டும். அதை அறிந்த அன்று கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். ஏன் என்று கேட்ட வாட்ச்மேனிடம் கண்ணில் பஞ்சுத்தூசி என்றாள். பஞ்சு வந்து நாலு வருஷமாயிற்று.

ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆட்டம் முடிந்தபின் முப்பி அந்தக் கோட்டில் போய் நிற்பாள், தூக்கிய கையோடு எழும்புவாள், சந்தனமாரி எடுப்பாள். எடுத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்குவாள். உட்கார்ந்திருக்கிற சனம், "வரும் மாரி, வராம எங்க போவுது" என்று எழுந்து போகும்.

ஆவணியில் படம் வந்துவிட்டது. முப்பியின் படம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஆடிய ஆட்டத்தில், தங்கேஸ்வரி என்று ஒரு சுள்ளிப் பிள்ளை எறிந்த படம். கண் இமை தெரிந்தது, மூக்கு நுனியில் வியர்வை தெரிந்தது, பந்தின் கறுப்புக் கோடுகள்கூட ஒவ்வொன்றாகத் தெரிந்தன. சந்தனமாரி சந்தோஷத்தில் அன்றைக்கு ஒரு நூறு படம் எடுத்தாள், அடுத்த நாலு நாளில் முந்நூறு. எல்லாம் தெளிவு. கம்ப்யூட்டரில் போட்டு வரிசையாகப் பார்த்தாள், உள்ளே விழுந்த பந்து ஒரு பக்கம், விழாத பந்து ஒரு பக்கம். உள்ளே விழுந்த பந்தில் எல்லாம் அந்தக் கறுப்புக் கோடு மட்டமாகக் கிடந்தது. விழாத பந்துகளில் பெரும்பாலானவற்றில் கோடு சாய்ந்திருந்தது. முப்பியின் பந்து நிற்கிற இடத்தைக் கடக்கும்போது உள்ளே போகிற பந்து இன்னும் ஒரு சாண் உயரத்தில் இருந்தது. மகளின் பந்தை இத்தனை மாதம் அண்ணாந்து பார்த்தவள் அவள். அது ஒரு சாண் தாழ்ந்து நிற்கிறது. கோடு இடது பக்கம் சாய்ந்து நிற்கிறது.

அது உள்ளே விழாது.

அடுத்த சனிக்கிழமை முப்பி எழும்பும்போது சந்தனமாரி கேமராவின் வேகத்தைக் குறைத்துவைத்தாள். படம் கலங்கிற்று. உதட்டைப் பிதுக்கினாள். சனம், "வரும் மாரி" என்றது. அதற்கடுத்த சனியும் அப்படியே, அதற்கடுத்ததும். விழாத பந்து தோற்காது, தோற்காத பிள்ளைக்கு இடம் நிற்கும் என்று லேமினேட் செய்த காகிதத்தைப் பார்த்துத் தன்னையே தேற்றிக்கொண்டாள். ஐப்பசியில் முப்பியின் கை மெலியத் தொடங்கியது. ராத்திரி மரத்துப் போகிறது என்றாள், அம்மா தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள். கார்த்திகையில் விரல் நகம் வளர்வது நின்றது. வெட்ட வேண்டியதில்லை, அதுவும் ஒரு வேலை மிச்சம் என்று சந்தனமாரி சிரித்தாள். முப்பியும் சிரித்தாள்.

மார்கழியில் கல்யாணம் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், ஸ்டுடியோவில், காலண்டருக்குப் படம் கேட்டவர்களுக்காக முப்பி கம்ப்யூட்டரில் தேடிக்கொண்டிருந்தாள். இடது கையால் தட்டிக்கொண்டு போனவள் நின்றாள்.

"யம்மா, இது தங்கேஸ்வரியா?"

சந்தனமாரி குடை விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"எப்ப எடுத்த?"

"அது... ஆவணியில."

"மூக்குத்தித் துவாரம்கூடத் தெரியுது." முப்பி அடுத்த படத்தைத் தட்டினாள், அதற்கடுத்ததையும் தட்டினாள். "எல்லாம் தெரியுது. எனக்கு மட்டும் எப்படிம்மா கலங்குது?"

"உனக்குத் தெரியாதுட்டி. பேசாம இரு."

"சொல்லு."

சந்தனமாரி துணியைக் கீழே வைத்தாள். "அது உள்ள போகாது முப்பி. கோடு சாஞ்சிருக்கு. தாழ வேற இருக்கு. நான் ஆயிரம் படம் பாத்துட்டேன். இடது பக்கக் கம்பியில தட்டி வெளிய வந்துரும்."

முப்பி நாற்காலியைச் சுழற்றி அம்மாவுக்கு நேராகத் திரும்பினாள். தூக்கிய கை விட்டத்து ஃபேனுக்குக் கீழே மெல்ல ஆடிற்று.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"கையை விட்டுப் போறப்பவே தெரியும்மா. நடுவிரல் வழுக்கிட்டு. எறிஞ்சவளுக்குத் தெரியாதா?"

"பின்ன ஏம்ட்டி இவ்வளவு நாள்..."

"நீ மொத தடவையா என் ஆட்டத்தைப் பாக்க வந்த. பட்டுச்சேலை கட்டிட்டு வந்த. அப்படியே இருன்னு சொன்ன. இருந்தேன்."

சந்தனமாரி தரையில் உட்கார்ந்துவிட்டாள். முப்பிதான் பேசினாள், மெதுவாக, கடையில் சாமான் சொல்கிற மாதிரி.

"கை வலிக்கும்மா. போதும்."

ரெஜினாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். சனிக்கிழமை காலையில் கடலோர ஊர்ப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள், அதே பனியன், சிலருக்குச் சிறுத்துப்போயிருந்தது. அருள்ராஜ் சார் பழைய நோட்டோடு வந்தார். செல்லத்தாய் பூக்கூடையை வாசலிலேயே வைத்துவிட்டு வந்தாள். பெஞ்சில் இடமில்லாமல் சனம் சுவரோரம் நின்றது. கேஸ்காரர்களும், சேதிக்குக் காத்திருக்கிறவர்களும், ரிசல்ட்டுக்குப் பயந்தவர்களும் இருந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "மாரி, நல்லா யோசிச்சுக்கோ" என்று ஒரு கிழவர் சொன்னார். யாரும் அவரை அதட்டவில்லை.

ரெஜினா தான் முன்பு நின்ற இடத்தில் போய் நின்றாள். "முப்பி, நான் பாயட்டுமா?"

"பாய். அன்னைக்கு மாதிரியே பாய்."

சந்தனமாரி வளையத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். வேகத்தை ஏற்றினாள். கண்ணாடிக்குள் மகளின் கண்ணைப் பிடித்தாள். அந்தக் கண் வளையத்தைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தது.

முப்பி எழும்பினாள். ரெஜினா பாய்ந்தாள். மேலே போய், இறங்குவதற்கு முன்னால், எல்லாப் பிள்ளைகளும் நிற்கிற மாதிரி முப்பியும் ஒரு துளி நேரம் நின்றாள், பின்னல் மட்டும் மேலே போயிற்று, விரலும் பந்தும் ஒரே கோட்டில் வந்தன. சந்தனமாரிக்கு அந்தத் துளி நேரத்தில் பதினோரு மாதமும் இருந்தது. விரலை எடுத்துவிடலாம். அவள் அழுத்தினாள்.

பந்து நகர்ந்தது. இடது பக்கக் கம்பியில் தட்டி, வளையத்தைச் சுற்றி ஒரு தடவை ஓடி, எல்லோரையும் ஒரு மூச்சு பிடிக்க வைத்துவிட்டு, வெளியே விழுந்தது. சிமெண்டுத் தரையில் குதித்துக் குதித்துச் சிறுத்து உருண்டு சுவரோரம் போய் நின்றது. யாரும் அதை எடுக்கவில்லை. அருள்ராஜ் சார் 'பந்து காற்றில்' என்பதை அடித்துவிட்டு நாற்பத்தெட்டு, நாற்பத்தேழு என்று எழுதினார். ஜெயித்த பிள்ளைகள் கை தட்டவில்லை. ரெஜினா இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

முப்பியின் கை இறங்கிற்று. ஒரேயடியாக இறங்கவில்லை, பாத்திரத்தில் எண்ணெய் வடிகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக. முதலில் மணிக்கட்டு நிமிர்ந்தது, பிறகு முழங்கை, பிறகு தோள். அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் சுற்றிப் பார்த்தாள். சந்தனமாரி கேமராவைத் தரையில் வைத்துவிட்டு எழுந்துபோய், அந்தக் கையை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டாள். சடலம் மாதிரி குளிர்ந்திருந்தது, பிறந்த பிள்ளை மாதிரி கனமில்லாமல் இருந்தது.

அப்போதுதான் முப்பிக்கு அழுகை வந்தது. பதினோரு மாதம் அவள் அழவில்லை, தோற்காதவளுக்கு அழுவதற்கு என்ன இருக்கிறது. இப்போது வாய் கோணி, மூக்கு ஒழுகி, சின்னப்பிள்ளை மாதிரி, அத்தனை சனத்துக்கு நடுவில் கூச்சமில்லாமல் அழுதாள். பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, சத்தமில்லாமல், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள். யாரும் அழாதே என்று சொல்லவில்லை. சந்தனமாரியும் சொல்லவில்லை. அந்தக் கையை மடியில் போட்டு விரல் விரலாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள், சுண்டுவிரலில் முதலில் சூடு வந்தது.